வகுப்புச் சித்தியின் விலை

பம்பைமடுவிலிருந்தோ அறிவியல்நகரிலிருந்தோ பட்டம் பெற்று வீடு திரும்பும் பிள்ளையை நோக்கி வன்னியில் முதலிற் கேட்கப்படும் கேள்வி, “தம்பி, என்ன கிளாஸ்?” என்பதாகும். அடுத்த கேள்வி, “எங்கை வேலை?” என்பது. முதற் கேள்விக்கு நல்ல விடை கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கும் நல்ல விடை தானாகவே வந்து சேரும் என்று பெற்றோர் நம்புகின்றனர், பிள்ளைகளும் நம்புகின்றனர், அந்நம்பிக்கையைப் பாடசாலையிலேயே ஊட்டிவிடும் ஆசிரியர்களாகிய நாமும் நம்புகின்றோம். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மையானது? பல்கலைக்கழகம் அளிக்கும் வகுப்பை உத்தியோகம் அளிப்போர் எவ்வாறு மதிக்கின்றனர்? வவுனியாவில் உயர்தர வகுப்புகளுக்குப் பல்லாண்டு கற்பித்தவன் என்ற முறையிலும், பட்டம் பெற்றுவந்த பழைய மாணவர்களின் விண்ணப்பப் படிவங்களை நிரப்ப உதவி வருபவன் என்ற முறையிலும் நான் அறிந்தவற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பட்டத்தை வகுப்புகளாகப் பிரிக்கும் வழக்கம் நம் நாட்டிற் பிறந்ததன்று. ஆங்கில நாட்டின் ஒக்ஸ்போட் சர்வகலாசாலை 1800ஆம் ஆண்டில் இயற்றிய பரீட்சை விதிகளிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. வெறுஞ் சித்தி பெற்றோரிலிருந்து விசேட திறமை காட்டியோரைப் பிரித்தெடுத்துப் பாராட்டுவதே அவ்விதிகளின் நோக்கம். பிற்காலத்திற் பிரதம மந்திரியான றொபேட் பீல், 1808இல் இலக்கியத்திலும் கணிதத்திலும் ஒருங்கே முதலாம் வகுப்புப் பெற்றதை அந்நாட்டார் இன்றும் நினைவுகூர்வர். கேம்பிரிட்ஜிலோ கணிதப் பரீட்சையில் உயர்சித்தி பெற்றோரை முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று ஒவ்வொருவராக வரிசைப்படுத்திப் பகிரங்கமாக வெளியிட்டு வந்தனர். அவ்வரிசை 1909ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டது. அப்பரீட்சை முறையை வன்மையாகக் கண்டித்தவர்களுள் ஒருவர், நமது இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி. 1898ஆம் ஆண்டின் வரிசையில் நான்காம் இடம் பெற்றவர் அவர். ஆதலால் அக்கண்டனத்தைத் தோற்றவனின் வயிற்றெரிச்சல் என்று எவராலும் தள்ளிவிட முடியவில்லை. இராமானுஜனோ கும்பகோணத்திலும் சென்னையிலும் பரீட்சையிலே தவறியவர். அவர் விஷயத்தில் வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஈழத்தவருக்குப் பட்டங்கள் முதலிற் சென்னையிலிருந்தும் பின்னர் லண்டனிலிருந்தும் வந்தன. 1857இல் நிறுவப்பட்ட சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள், யாழ்ப்பாணத்தவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் என்பதை வாசகர் அறிவர். 1921இற் கொழும்பில் யூனிவேசிற்றிக் கல்லூரி தொடங்கியபோது அதன் மாணவர் லண்டன் சர்வகலாசாலையின் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1942இல் இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று ஏற்பட்டபோது வகுப்பு முறையும் உடன் வந்தது. அன்று நாடு முழுவதற்கும் பல்கலைக்கழகம் அது ஒன்றே. ஒரு கந்தோரின் தலைவர் “இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு” என்ற சொல்லைக் கேட்டவுடன் அதன் எடை இன்னதென அறிந்துகொண்டார். ஏனெனில் அவரும் அதே மண்டபத்திற் பரீட்சை எழுதியவர். விண்ணப்பதாரியின் பேராசிரியரையும் அவர் பெரும்பாலும் அறிந்திருப்பார். வகுப்பு என்பது அக்காலத்தில் ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டத்தாரிடையே வழங்கிய நாணயம் போன்றது.

இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றுட் பதினேழாவதாகச் சேர்ந்தது நமது வவுனியாப் பல்கலைக்கழகம். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. நாணயம் அதுவே, ஆனால் அதை அச்சிடும் சாலைகள் பலவாகிவிட்டன, வாங்குவோரும் அச்சாலைகளை அறியாதோராகிவிட்டனர்.

அளவுகோலை முதலிற் பார்ப்போம். பெரும்பாலான பீடங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்துத் தரம் வழங்கி, அத்தரத்தைப் புள்ளியாக மாற்றி, நான்கு ஆண்டுப் பாடங்கள் அனைத்துக்கும் சராசரி காண்கின்றனர். ஏ தரத்துக்கு 4.00, ஏ மைனஸுக்கு 3.70, பி பிளஸுக்கு 3.30, பி தரத்துக்கு 3.00, சீ தரத்துக்கு 2.00. இந்தத் தரப்புள்ளிச் சராசரி 3.70ஐ எட்டினால் முதலாம் வகுப்பு, 3.30ஐ எட்டினால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00ஐ எட்டினால் கீழ்ப்பிரிவு. அதற்குக் கீழே 2.00 வரை வெறுஞ் சித்தி. மாணவர் வாயில் இவை ‘பெஸ்ற் கிளாஸ்’, ‘செக்கன் அப்பர்’, ‘செக்கன் லோவர்’ என வழங்கும். வெறுஞ் சித்திக்கு மாணவரிடையே செல்லப் பெயர் எதுவும் வழங்கக் காணேன்.

3.29 பெற்ற ஒருவரையும் 3.30 பெற்ற ஒருவரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நான்காண்டுச் சிறப்புக் கற்கையில் மொத்தம் 120 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள் உண்டு. மூன்று கிரெடிட் பாடங்கள் இரண்டில் ஒருவருக்கு பி தரத்துக்குப் பதிலாக பி பிளஸ் கிடைத்திருந்தால் அவருடைய சராசரி 0.015 உயரும். அதாவது இரண்டு விடைத்தாள்களில், சில புள்ளிகளில், மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் தீர்மானமாகின்றன. பரீட்சை என்று ஒன்று இருக்குமாயின் எல்லைக்கோடு ஒன்றும் இருக்கத்தான் வேண்டும். அதை நான் குறை கூறவில்லை. கோட்டின் இருமருங்கிலும் நிற்பவர்களிடையே உள்ள இடைவெளி மிகச் சிறிது என்பதையே கூறுகிறேன். கோட்டுக்கு அப்பால் நிகழ்வது சிறிதன்று.

இனி, சராசரியிலும் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. முன்னர் மூன்றாண்டுப் பொதுப்பட்டமும் நான்காண்டுச் சிறப்புப்பட்டமும் இருந்தன. 2012இல் வெளிவந்த இலங்கைத் தகைமைச் சட்டகம் இவற்றை வெவ்வேறு படிகளில் வைத்தது: 90 கிரெடிட்டுகளைக் கொண்ட பட்டம் ஐந்தாம் படி, 120 கிரெடிட்டுகளைக் கொண்ட பட்டம் ஆறாம் படி. ஆறாம் படிக்குரியதை இப்போது தமிழிற் ‘கௌரவப் பட்டம்’ என எழுதுகின்றனர். இது நல்ல மொழிபெயர்ப்பன்று. விழா மேடையில் ஒரு கொடைவள்ளலுக்கு அணிவிக்கப்படுவதும் கௌரவப் பட்டமே. நான்காண்டு நித்திரை முழித்துப் படித்த பிள்ளை பெறுவதும் கௌரவப் பட்டமே என்றால், ஊரார் எதை எவ்வாறு வேறுபடுத்துவர்? பழைய ‘சிறப்புப்பட்டம்’ என்ற சொல்லையே இக்கட்டுரையிற் கையாளுகின்றேன்.

பெயரை விட்டுப் பொருளுக்கு வருவோம். வகுப்புகள் பொதுப்பட்டத்திலும் உண்டு, சிறப்புப்பட்டத்திலும் உண்டு. அப்படியாயின் பொதுப்பட்டத்தில் முதலாம் வகுப்புப் பெற்றவர் பெரியவரா, சிறப்புப்பட்டத்தில் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு பெற்றவர் பெரியவரா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிதி நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைக் குழுவில் ஊரறிந்த ஆசிரியன் என்பதற்காக என்னையும் அமர்த்தியிருந்தனர். இக்கேள்வி அங்கே உண்மையாகவே எழுந்தது. முகாமையாளர் இரண்டு சான்றிதழ்களையும் மேசையில் அருகருகே வைத்து, “ஐயா, இதிலை எது கூட?” என்று என்னைக் கேட்டார். நான்காம் ஆண்டு படிப்பதற்கே முன்னைய ஆண்டுகளின் பெறுபேற்றைக் கொண்டு மாணவரைத் தெரிந்தெடுப்பது வழக்கம் என்பதையும், அவ்வாறு தெரியப்பட்டோருள்ளேயே கீழ்ப்பிரிவு வழங்கப்படுகிறது என்பதையும் நான் விளக்கினேன். அவர் பொறுமையுடன் கேட்டார். பின்பு இருவரிடமும் சிங்களம் பேச வருமா, மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் உண்டா என்று வினவினார். அவ்விரு வினாக்களின் விடைகளே அன்றைய முடிவைத் தீர்மானித்தன. அவரை நான் குற்றங் கூறமாட்டேன். ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் சென்று கடன் அறவிடும் வேலைக்கு அவர் ஆள் தேடினார்.

உத்தியோகம் அளிப்போரை மூன்று பிரிவாக நோக்கலாம். முதலாவது, பல்கலைக்கழகமே. வகுப்பை முழு மனதுடன் மதிப்பது அது ஒன்றுதான். விரிவுரையாளராகச் சேர விரும்புவோர் முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பெற்றிருத்தல் வேண்டும் என்பது நெடுங்கால விதி, 3.29 பெற்றவருக்கு அந்த வாயில் அடைபட்டுவிடும். பின்னர் முதுமாணிப் பட்டம் முதலிய நீண்ட சுற்றுவழிகள் உண்டு. ஆனால் அவ்வழியிற் செல்வதற்கு வேண்டிய காலமும் பணமும் மாங்குளத்து விவசாயியின் மகளிடம் எவ்வளவு இருக்கும்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் மேற்படிப்பு அனுமதியிலும் இதே கோடு பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. ஆக, வகுப்பு என்ற நாணயம் செல்லுபடியாகும் சந்தை அதை அச்சிட்ட சாலைக்குள்ளேயே இருக்கிறது. அச்சந்தையில் விற்பனைக்குள்ள இடங்களோ மிகச் சில.

இரண்டாவது, அரசாங்கம். வன்னியிற் பட்டதாரி என்றாலே அரசாங்க உத்தியோகம் என்றுதான் பொருள். அரசாங்கம் வகுப்பைப் பார்ப்பதில்லை என்பதைப் பலர் அறியார். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் வேண்டும்; அதன்பின் தெரிவைப் பரீட்சையே செய்கிறது. 2020இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்த்த திட்டத்தில், பட்டம் செல்லுபடியாகும் திகதி பார்க்கப்பட்டது, வயது பார்க்கப்பட்டது, வேலையில்லாதவர்தாமா என்பதும் பார்க்கப்பட்டது. முதலாம் வகுப்பா, வெறுஞ் சித்தியா என்பதற்கு அங்கே பெறுமதி இருக்கவில்லை. இதில் ஒரு விநோதமும் நிகழ்ந்தது. ஊழியர் சேமலாப நிதிக்குப் பங்களிப்புச் செய்திருந்தவர்களின் பெயர்கள் தொடக்கத்திற் பட்டியலிலிருந்து தள்ளப்பட்டன. தனியார் கடையிலோ நிறுவனத்திலோ சில மாதம் உழைத்த பட்டதாரி, உழைத்த குற்றத்துக்காக மேன்முறையீடு எழுதவேண்டியவரானார். வீட்டிலிருந்தவருக்கு அத்தொல்லை இல்லை. நான் நிரப்பிக் கொடுத்த மேன்முறையீடுகளுள் இரண்டு, மிக நல்ல வகுப்பிற் சித்தியடைந்தவர்களுடையவை.

அவ்வாறு சேர்ந்தவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரிற் பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் அமர்த்தப்பட்டனர். பாடசாலைகளுக்கு வந்தவர்களுட் பலர் தம்மை ஆசிரியர் சேவையில் உள்வாங்குமாறு இன்றுவரை கோரி வருகின்றனர். கணிதச் சிறப்புப்பட்டதாரி ஒருவரும், வேறு துறையிற் பொதுப்பட்டம் பெற்ற ஒருவரும் ஒரே பதவியில், ஒரே சம்பளத்தில், பக்கத்து மேசைகளில் இருக்கக் காணலாம். உயர்தரக் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலை அந்த மேசையிலிருந்து ஐந்து மைல் தூரத்தில் இருக்கும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பொதுத்துறை ஆட்சேர்ப்பில் திறைசேரியின் பிடி இறுகிவிட்டது; இந்த வாயிலும் முன்போல் அகலத் திறப்பதில்லை.

மூன்றாவது, தனியார் துறை. வன்னியில் இது போருக்குப் பின் வந்த புது விருந்தாளி. வங்கிகள், நிதி நிறுவனங்கள், கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகள், கட்டட ஒப்பந்தக்காரர், ஒரு காலத்திற் பெருகியிருந்து பின் குறைந்துபோன தொண்டு நிறுவனங்கள் என்று எண்ணலாம். இவர்கள் கேட்பவை ஆங்கிலம், சிங்களம், கணினி, அனுபவம், அனுமதிப்பத்திரம். வகுப்பைக் கேட்டால் அது விண்ணப்பக் குவியலைக் குறைப்பதற்காக மாத்திரமே. கொழும்பிலுள்ள பெரிய கணக்காய்வு நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் சற்று நுணுக்கமாகப் பார்க்கலாம். ஆனால் அங்கே வகுப்புக்கு முன் இன்னொரு கேள்வி நிற்கிறது: எந்தப் பல்கலைக்கழகம்? மொறட்டுவையின் கீழ்ப்பிரிவையும் பம்பைமடுவின் முதலாம் வகுப்பையும் ஒரே தராசில் வைக்கும் பொறுமை அங்கே எத்தனை பேருக்கு உண்டு? 2021இற் பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி அவர்கள் யாரிடம் விசாரிப்பர்?

இதுவரை கூறியதைக் கொண்டு, வகுப்பு என்பது வெறும் அலங்காரம், அதை ஒழித்துவிடலாம் என்று எவரேனும் முடிவு செய்தால் அது பெருந் தவறு. பிற நாடுகளில் அவ்வித எண்ணம் வளர்ந்திருப்பது உண்மையே. பிரித்தானியாவில் 2010–11ஆம் கல்வியாண்டில் நூற்றுக்குப் பதினாறு பேரளவில் முதலாம் வகுப்புப் பெற்றனர். 2020–21இல் அது முப்பத்தெட்டளவுக்கு ஏறிவிட்டது. பத்தாண்டுக்குள் பிள்ளைகளின் மூளை இருமடங்காயிற்று என எவரும் நம்பவில்லை. ஏர்ன்ஸ்ட் அன்ட் யங் என்ற கணக்காய்வு நிறுவனம் 2015இலேயே பட்டத்தின் வகுப்பைத் தெரிவுக்குரிய நிபந்தனையிலிருந்து நீக்கியது. பல்கலைக்கழக வெற்றிக்கும் பின்னைய தொழிற்பரீட்சை வெற்றிக்கும் தொடர்பிருப்பதற்குத் தான் சான்று காணவில்லை என்று அது கூறிற்று. பிறைஸ்வோட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனம் 2022இல் அதே வழியிற் சென்றது. அதற்கும் முன்னர், 2007இல், லெஸ்ரர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேர்ஜெஸ் தலைமையில் அமைந்த குழு, ஒரே சொல்லில் முழுப் படிப்பையும் அடக்கும் வகுப்பு முறை காலத்துக்கு ஒவ்வாதது எனவும், மாணவரின் திறமைகளை விரிவாகக் கூறும் அறிக்கை ஒன்று வேண்டும் எனவும் எடுத்துரைத்தது. அறிக்கை பல பல்கலைக்கழகங்களிற் புகுந்தது. வகுப்பும் போகவில்லை.

அந்நாட்டு நிறுவனங்கள் வகுப்பை நீக்கிவிட்டுத் தாமே பரீட்சைகளை நடத்துகின்றன. அதற்கு ஆளும் பணமும் அவற்றிடம் உண்டு. நம் ஊரில் வகுப்பை நீக்கினால் அந்த இடத்தில் எது வந்து அமரும்? மாமன் மச்சான் சிபாரிசு வந்து அமரும். அரசியல்வாதியின் கடிதம் வந்து அமரும். கந்தோர்களிற் சொந்தக்காரர் இல்லாத பிள்ளைக்கு, யாருடைய வாசலிலும் நின்று கேளாமல் கிடைத்த ஒரே நற்சான்று அந்த வகுப்புத்தான். ஆதலால் எனது வழக்கு வகுப்புக்கு எதிரானதன்று. அது வாசிக்கப்படக்கூடிய விதத்தில் எழுதப்படவில்லை என்பதும், அதைப் பெறும் விதிகள் வன்னியின் வாழ்க்கையை அறியாதவை என்பதுமே வழக்கு.

இந்த இரண்டாவது கூற்றை விரித்துச் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது அரசாங்கம் மாவட்டத்தைப் பார்க்கிறது. கலைத்துறை ஒழிந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, நூற்றுக்கு 40 இடம் நாடு தழுவிய திறமையின்படியும், 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 இடம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் அந்தப் பதினாறில் அடங்கும். இசட் புள்ளியை நான்கு தசமதானம் வரை கணித்து, எந்தப் பிள்ளை எந்த மண்ணிலிருந்து வருகிறது என்பதையும் பார்த்து இடம் கொடுக்கும் அரசு, உள்ளே விட்ட கணத்திலிருந்து மண்ணை மறந்துவிடுகிறது. தமிழிற் படித்த பிள்ளை பம்பைமடுவில் ஆங்கிலத்திற் படிக்கவேண்டும். முதலாண்டுப் பெறுபேறும் நான்காண்டுச் சராசரியிற் சேருமாயின், மொழி பழகுவதற்குச் செலவான மாதங்களின் விலையையும் பிள்ளையே செலுத்தவேண்டும். வெளிவாசலில் ஒரே அளவுகோல் நிற்பது நியாயமே. பொறியியலாளர் கட்டும் பாலம் மாவட்டம் பார்த்து நிற்பதில்லை. ஆயினும் அந்த அளவுகோல் அறிவை மாத்திரம் அளக்கின்றதா என்பது ஆராயத்தக்கது.

மீள்பரீட்சை விதியைப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு உரிய தவணையில் தோற்றாது விட்டவரோ தவறியவரோ பின்னர் எழுதி எவ்வளவு புள்ளி பெற்றாலும் அவருக்குப் பொதுவாக சீ தரத்துக்கு மேல் கிடையாது. குறித்த காலத்துக்குள் கற்கையை முடிக்காதவருக்கு வகுப்பே கிடைக்காது என்பதும் பொதுவான விதி. சுகவீனமுற்றவர் வைத்தியச் சான்றிதழ் கொடுத்து இதிலிருந்து விலக்குப் பெறலாம். மற்றைய காரணங்களுக்குத் தெளிவான வழி இல்லை. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். எப்போதும் 3.40 சராசரி பெறக்கூடிய ஒருவர், ஒரேயொரு தவணையில் 15 கிரெடிட் பாடங்களுக்குத் தோற்ற முடியாமற்போய், அவை யாவற்றிலும் பின்னர் சீ தரம் பெற்றால், அவருடைய இறுதிச் சராசரி 3.225. மேற்பிரிவு கைநழுவிக் கீழ்ப்பிரிவாகிவிடும். அதனுடன் விரிவுரையாளராகும் வாயிலும் அடைபடும். ஏழு தவணை உழைப்பை ஒரு தவணை விழுங்கிவிடும்.

வன்னியில் அந்த ஒரு தவணை கெடுவதற்குக் காரணங்கள் அரியவை அல்ல. 2009 ஓகஸ்டிற் செட்டிகுளம் முகாம்களுக்குள்ளிருந்து க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை இந்நாடு கண்டது. அவர்களுட் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் படித்துக்கொண்டே காணாமற்போன தகப்பனைத் தேடினார்கள், தாயுடன் மீள்குடியேறிய காணியிற் கொட்டில் போட்டார்கள், தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அத்தலைமுறை பட்டம் பெற்றுப் போய்விட்டது. ஆனால் 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வீடுவாசல் விட்டு ஓடியபோது படித்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த தலைமுறையினர். வெள்ளம் சுகவீனமன்று, அதற்கு வைத்தியர் சான்றிதழ் கொடுக்கமாட்டார். ஆகவே வகுப்பு என்பது அறிவுக்கான சான்று மாத்திரமன்று. நான்காண்டு காலம் வீட்டில் எதுவும் நிகழவில்லை என்பதற்கும் அது சான்றாகும். கொழும்புப் பிள்ளைக்கு இந்தப் பிற்பகுதி பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கிறது.

செய்யத்தக்கவை இரண்டு எனக் கருதுகின்றேன். ஒன்று, சான்றிதழுடன் வழங்கும் பெறுபேற்றுப் பத்திரத்தில் ஒரு வரி சேர்ப்பது: அப்பாடத்தில் அவ்வாண்டு பட்டம் பெற்றோர் மொத்தம் எத்தனை பேர், ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. பத்துப் பேர் மாத்திரம் படிக்கும் சிறு துறையாயின் ஐந்தாண்டு எண்ணிக்கையைச் சேர்த்துக் கொடுக்கலாம். எண்பது பேரில் இருவருக்கே முதலாம் வகுப்புக் கிடைத்தது என்பதைக் கண்டால், பம்பைமடுவை அறியாத கொழும்பு முகாமையாளரும் ஒரு கணம் நிறுத்தி வாசிப்பார். நாற்பது பேருக்குக் கிடைத்தது என்றாலும் அதுவும் அவர் அறியவேண்டியதே. பட்டம் பொதுவா சிறப்பா, எத்தனை கிரெடிட் என்பதையும் அதே வரியின் அருகில், சுருக்கெழுத்தாக அன்றிச் சொல்லாகவே எழுதிவிட்டால், என்னைப் போன்றவர்கள் நேர்முகப் பரீட்சையில் விரிவுரை நிகழ்த்தவேண்டி வராது.

மற்றது, வைத்தியச் சான்றிதழுக்கு நிகராக, அனர்த்தமும் குடும்ப இழப்பும் நேர்ந்தமையைக் கிராம அலுவலரும் பிரதேச செயலாளரும் உறுதிப்படுத்தும் கடிதத்தையும் ஏற்று, அடுத்த முறை எழுதுவதை முதற்தடவையாகவே கணிப்பது. பொய்க் கடிதங்கள் வரும் என்று பேராசிரிய நண்பர் ஒருவர் என்னிடம் கூறினார். பொய் வைத்தியச் சான்றிதழ்கள் வருவதில்லையா என்று நான் கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். வெள்ளம் வந்த ஊரும் வந்த நாளும் மாவட்டச் செயலகத்தின் பதிவேட்டில் இருக்கின்றன; காய்ச்சலைக் காட்டிலும் அவற்றைச் சரிபார்ப்பது எளிது. இதற்குப் பாராளுமன்றத்திற் சட்டம் நிறைவேற்றவேண்டியதில்லை. பரீட்சை விதிகளைத் திருத்தும் அதிகாரம் மூதவைக்கு உண்டு. வவுனியாப் பல்கலைக்கழகம் தனக்கென ஒரு மூதவை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகின்றன. அதன் விதிகள் இன்னும் இறுகிப்போகவில்லை. யாழ்ப்பாணத்தின் விதிகள் பழையவை. ஆயினும் அறிவியல்நகரின் மூன்று பீடங்களும் அங்கிருந்தே தொடங்கிவைக்கலாம். கிளிநொச்சியில் 1990இல் தோன்றி, போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் அதே மாவட்டத்துக்குத் திரும்பிவந்த விவசாய பீடத்துக்கு, தவணை குழம்புதல் என்றால் என்னவென்று எவரும் விளக்கவேண்டியதில்லை.